கணினியின் தொடக்கத் தட்டுப் பழுதுறும்போது



கொழும்பு மாநகரிற் கணக்கேட்டைக் கணினியிடம் ஒப்படைக்காத நிறுவனங்கள் இன்று அருகிவிட்டன. வெள்ளவத்தையிற் காலி வீதியின் இருமருங்கும் உள்ள மருந்துச்சாலைகளையும் புடைவைக் கடைகளையும் பாருங்கள். கொட்டாஞ்சேனையின் அச்சகங்களையும் வணிகர் அலுவலகங்களையும் பாருங்கள். கொடுக்கல் வாங்கல் அனைத்தும் கணினியில் ஏறியிருக்கும். பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. சேர்வு இடாப்பு, புள்ளிப் பதிவேடு, நூலகப் பட்டியல் ஆகியவை தனித்தனிக் கணினிகளில் இருப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருப்போம். ஆனால் அலுவலகத்தின் மூலையிற் சென்று பார்த்தால், இரைந்துகொண்டிருக்கும் ஒரேயொரு இரும்புப் பெட்டிதான் அங்கே இருக்கும். அந்த ஒன்றினுள்ளேயே நான்கைந்து கணினிகள் குடியிருக்கின்றன.

ஒருநாட் காலையில் அப்பெட்டி எழ மறுக்கிறது. திரையில் இரண்டொரு வெண்ணிற வரிகள் தோன்றி, தொடங்குவதற்குரிய சாதனம் எதுவும் அகப்படவில்லை என்கின்றன. பத்து வருடப் பதிவுகளும் அழிந்தனவோ என்று அலுவலகம் திகைக்கிறது. பெரும்பாலான வேளைகளில் அவை அழிவதில்லை. அழிந்ததாக எண்ணிப் பதறி நாம் செய்யுங் காரியங்களே அவற்றை அழித்துவிடுகின்றன. அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், அழியாதவற்றை எவ்வாறு மீட்கலாம் என்பதையும் இன்று விளக்க முயல்கிறேன்.

ஒரு பெட்டிக்குள் பல கணினிகள் இருத்தல் எங்ஙனம் இயலும் என்று சிலர் கேட்கக்கூடும். இக்கருத்துப் புதியதன்று. 1960களில் அமெரிக்காவின் மசச்சுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தினர், விலையுயர்ந்த ஒரு பெருங்கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்துவதற்காக இதனை வகுத்தனர். ஒவ்வொருவருக்கும் தமக்கென ஒரு முழுக் கணினி இருப்பது போன்ற தோற்றத்தை அவர்களது மென்பொருள் உண்டாக்கிற்று. 1972இல் அது வி.எம்./370 என்னும் பெயரோடு வணிகத்துக்கு வந்தது. சிறிய கணினிகளுக்கு இவ்வித்தையைக் கொண்டுவந்தவர்களுள் முன்னின்றது 1998இல் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம். இவ்வாறு தோற்றுவிக்கப்படும் கணினியை மெய்நிகர் கணினி என்கிறோம். அவற்றையெல்லாம் தாங்கிநின்று நினைவகத்தையும் வேகத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். இயக்க மென்பொருளை அக்காலத்திற் சூப்பர்வைசர், அதாவது மேற்பார்வையாளர், என்றனர். மேற்பார்வையாளருக்கும் மேலானவர் என்ற பொருளில் இப்பெயர் எழுந்தது.

வெள்ளவத்தையிற் கடலை நோக்கி எழுந்துநிற்கும் தொடர்மாடிகளுள் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குடும்பம். ஒரு வீட்டாரின் சமையல் மற்ற வீட்டாருக்குத் தெரியாது. ஆயினும் நீரும் மின்சாரமும் எல்லாருக்கும் கீழ்த்தளத்துப் பராமரிப்பாளர் வழியாகவே வருகின்றன. எந்த வீட்டில் எவர் இருக்கிறார், எத்தனை திறப்புகள் கொடுத்திருக்கிறோம் என்ற இடாப்பும் அவரிடமே உண்டு. அப்பராமரிப்பாளரே ஹைப்பர்வைசர். அவருடைய சிற்றறையே தொடக்கத் தட்டு. சிற்றறை எரிந்துபோனால் நீர் வராது, விளக்கு எரியாது, கதவு திறவாது. ஆனால் மேல்மாடி வீட்டு அலமாரியில் உள்ள நகைக்கு என்ன நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை.

மெய்நிகர் கணினி ஒன்று நமக்கு உயிருள்ள இயந்திரம் போலத் தோன்றினும், சேமிப்பகத்தில் அது இரண்டு பொருள்களேயாம். ஒன்று, அதன் வன்தட்டாக நடிக்கும் மிகப் பெரிய கோப்பு. இடாப்பும் புள்ளியும் கணக்கும் இதனுள்ளேதான் உள்ளன. மற்றொன்று, சில கிலோபைற்று அளவேயான சிறு குறிப்பு. இக்கணினிக்கு நினைவகம் எவ்வளவு, எந்த வகை வன்தட்டு, வலையமைப்பில் அதன் அடையாள எண் யாது என்பவற்றை அது எழுதிவைத்திருக்கும். முன்னதை ஏட்டுச்சுவடியின் ஓலைகளுக்கும் பின்னதை அவற்றைக் கோத்த கயிற்றுக்கும் ஒப்பிடலாம். கயிறு அறுந்தால் ஓர் எழுத்தும் அழிவதில்லை. ஆயினும் எந்த ஓலை எதன்பின் வருமென்று அறிந்தவர் இல்லையேற் சுவடி பயன்படாது.

இனித் தொடக்கத் தட்டின் இயல்பைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஹைப்பர்வைசர் மிகச் சிறிய மென்பொருள். வி.எம்.வேரின் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. என்னும் ஹைப்பர்வைசரின் முந்திய பதிப்புகளுக்கு 1 கிகாபைற்று இடமே போதியதாயிருந்தது. ஆகவே விலைமிகுந்த வன்தட்டொன்றை அதற்கென ஒதுக்குவானேன் என்று கருதி, ஒரு யு.எஸ்.பி. குச்சியிலோ, நிழற்படக் கருவியில் இடுவது போன்ற எஸ்.டி. அட்டையிலோ அதனை ஏற்றிப் பெட்டியின் உட்புறத்திற் பொருத்தினார்கள். சேவையகம் எழும்போது ஹைப்பர்வைசர் அவ்வட்டையிலிருந்து நினைவகத்துக்கு ஏறிவிடும். அதன்பின் அட்டையை நாடவேண்டிய தேவை மிகக் குறைவு.

இச்சிக்கனத்தில் ஒரு பொறி மறைந்திருந்தது. அட்டை மாண்டுபோனாலும் சேவையகம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். தொடக்கச் சாதனத்தோடு தொடர்பு அற்றுப்போயிற்று என்ற எச்சரிக்கை பதிவேட்டில் இருக்கும். அப்பதிவேட்டை எவரும் வாசிப்பதில்லை. மாதக்கணக்கில் இவ்வாறு ஓடியபின் ஒருநாள் மின்சாரம் நிற்கும். மீண்டும் மின்சாரம் வரும், சேவையகம் வராது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறைத் துணைமின் நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின்வெட்டே அட்டையைக் கொன்றது என்று அத்தகைய நாள்களிற் சொல்வார்கள். சில வேளைகளில் அது உண்மை. பல வேளைகளில் மின்வெட்டு முன்பே நிகழ்ந்த மரணத்தை அறிவிக்கிறது, அவ்வளவே.

2020 ஏப்பிரலில் வெளியான 7ஆம் பதிப்பு நிலைமையை மேலும் கடினமாக்கிற்று. அப்பதிப்புத் தொடக்கச் சாதனத்தில் அடிக்கடி எழுதத் தொடங்கியது. எஸ்.டி. அட்டையும் யு.எஸ்.பி. குச்சியும் எழுத எழுதத் தேய்பவை. அவை விரைந்து பழுதாயின. 2021இல் வி.எம்.வேர் நிறுவனமே இவற்றைத் தனித் தொடக்கச் சாதனமாக நம்பியிருப்பதைக் கைவிடுமாறு அறிவுறுத்தி, தரமான தட்டொன்றில் 32 கிகாபைற்றுக்குக் குறையாத இடத்தை ஒதுக்குமாறு பரிந்துரைத்தது. ஆயினும் பழைய சேவையகங்கள் எத்தனையோ இன்னும் அட்டையோடு ஓடுகின்றன. உங்கள் அலுவலகத்தில் உள்ளது எது என்று நாளைக் காலையிலேயே கேட்டறிதல் நன்று.

கேட்டறியும்போது தொடக்கச் சாதனம் இறந்திருக்கிறது, ஆனால் மெய்நிகர் கணினிகள் இன்னும் ஓடுகின்றன என்று தெரியவந்தால், செய்யக்கூடாத காரியம் ஒன்றுண்டு. 'ஒருமுறை நிறுத்தித் தொடக்கிப் பார்ப்போம்' என்ற, கணினிக்காரர் எல்லாருக்கும் கைவந்த வைத்தியத்தை இங்கே செய்தலாகாது. நிறுத்தினால் அது எழப்போவதில்லை. ஓடுகின்றபோதே உள்ளிருக்கும் தரவுகளை வேறொரு கணினிக்குப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். மெய்நிகர் கணினிகளின் பெயர், நினைவக அளவு, வலையமைப்பு முகவரி ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன்பின் மெய்நிகர் கணினிகளை ஒவ்வொன்றாக முறைப்படி மூடிவிட்டே பெட்டியை அணைக்கவேண்டும்.

பெட்டி ஏற்கெனவே நின்றுவிட்டதெனில் முதலில் அறியவேண்டியது, மாண்டது தொடக்கத் தட்டு மட்டுந்தானா, அல்லது தரவுத் தட்டுகளுமா என்பது. இரண்டும் ஒரே தட்டாக இருந்தால் நான் இனிச் சொல்பவை உதவமாட்டா; காப்புப்படியையோ தரவு மீட்கும் வல்லுநரையோ நாடவேண்டியதுதான். சிறு அலுவலகங்களில் இவ்வாறு ஒன்றாயிருப்பது அரிதன்று. நிறுவும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் 'ஆம்' என்றே விடையளித்துச் சென்றால், சில ஹைப்பர்வைசர்கள் மெய்நிகர் தட்டுகளையும் தொடக்கத் தட்டிலேயே வைத்துவிடுகின்றன.

தட்டுகள் வெவ்வேறெனில் கவலை பெரிதும் தீர்ந்தது. மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுத் தரவுத் தட்டுகள் ஒவ்வொன்றிலும் அது எந்தக் குழியில் இருந்தது என்ற எண்ணை எழுதி ஒட்டுங்கள். பிறகு அவற்றைச் சற்றே வெளியே இழுத்துத் தொடர்பறுத்து விடுங்கள். காரணம் எளியது. புதிய தொடக்கத் தட்டில் ஹைப்பர்வைசரை நிறுவும்போது, எந்தத் தட்டில் நிறுவுவது என்று திரையில் ஒரு பட்டியல் வரும். நள்ளிரவில், களைப்பில், பட்டியலில் ஒரு வரி பிசகினால் தரவுத் தட்டே துடைக்கப்பட்டுவிடும். இணைக்கப்படாத தட்டு பட்டியலில் வராது. வராததைத் தவறித் தொடவும் முடியாது. மீட்புப் பணியில் நிகழும் பேரிழப்புகளுட் பெரும்பங்கு இந்தக் கட்டத்திலேயே நேர்கிறது என்பது என் கருத்து.

பழுதான தட்டில் இருந்த அதே பதிப்பையே, அது கிடையாவிடிற் பிந்திய பதிப்பொன்றை நிறுவ வேண்டும்; முந்திய பதிப்பு புதியதன் எழுத்தை வாசிக்க மாட்டாது. நிறுவி முடித்தபின் பெட்டியை அணைத்துத் தரவுத் தட்டுகளைப் பழைய குழிகளிலேயே பொருத்துங்கள். இப்போது பல தட்டுகளை ஒன்றாக இணைத்தாளும் ரெய்ட் கட்டுப்பாட்டுக் கருவி, அந்நியமான அமைப்பொன்றைக் கண்டதாக உரைக்கலாம். அதனை உள்வாங்குக என்பதே விடை. துடைத்துத் தொடங்குக என்ற விடையும் அருகிலேயே அழகாக எழுதப்பட்டிருக்கும். அதன்மீது கை போகாதிருக்க வேண்டும். அவ்வாறே, புதிய ஹைப்பர்வைசர் பழைய சேமிப்பகத்தைக் கண்டு, இது வேறொரு சேவையகத்துக்கு உரியதாயிற்றே என்று ஐயுறக்கூடும். அது பழுதன்று; நல்ல காவற்காரனின் கேள்வி. பழைய சேவையகம் வேறெங்கும் ஓடவில்லை என்பது உறுதியாயின், உரிமையை ஏற்று இணைக்கலாம்.

ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. வகையில் இதன்பின் வேலை சுருங்கிவிடுகிறது. ஏனெனில் நான் கயிறு என்று குறித்த சிறு குறிப்பு, ஓலைகளுடனேயே தரவுத் தட்டில் வைக்கப்பட்டிருக்கிறது. வி.எம்.எக்ஸ். என முடியும் அக்கோப்பைச் சேமிப்பகத்திற் தேடியெடுத்துப் புதிய ஹைப்பர்வைசரிடம் பதிவு செய்தாற் போதும். முதன்முறை இயக்கும்போது, இக்கணினி இடம்மாறி வந்ததா, படியெடுக்கப்பட்டதா என்ற கேள்வி எழலாம். இடம்மாறியது என்றே சொல்லவேண்டும். படியெடுக்கப்பட்டது என்று சொன்னால் அதற்குப் புதிய அடையாள எண் வழங்கப்படும். வலையமைப்பில் உள்ள ஏனைய கணினிகள் பழைய நண்பனை அடையாளங் காணாமற் போய்விடும்.

வியன்னா நகரிலிருந்து வரும் புரொக்ஸ்மொக்ஸ் என்னும் ஹைப்பர்வைசர் வேறு விதமானது. 2023 நவம்பரில் வி.எம்.வேர் நிறுவனத்தைப் புரோட்கொம் நிறுவனம் வாங்கி அனுமதிக் கட்டண முறையை மாற்றியபின், சிக்கனம் நாடும் நிறுவனங்கள் பல இதன்பக்கம் திரும்பின. நல்ல மென்பொருள், ஆனால் மெய்நிகர் கணினிகளின் சிறு குறிப்புகள் யாவற்றையும் இது தொடக்கத் தட்டிலே, ஒரு சிறு தரவுத்தளக் கோப்பினுள் வைக்கிறது. தொடக்கத் தட்டுப் போனாற் கயிறும் போய்விடும். எஞ்சுவன பெருந்தட்டுக் கோப்புகள் மட்டுமே. அவற்றின் பெயரில் 101, 102 போன்ற எண்கள் இருக்கும். அவ்வெண்ணே நமக்குத் துப்பு. 101 என்ற அதே எண்ணோடு தட்டில்லாத புதிய மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி, சேமிப்பகத்தை மீளத் தேடுமாறு கட்டளையிட்டால், அந்த எண்ணுக்குரிய தட்டு 'பயன்படுத்தப்படாதது' என்ற பெயரோடு வந்து சேரும். அதனைப் பொருத்தி, எந்தத் தட்டிலிருந்து எழவேண்டும் என்பதையும் குறித்துவிட்டால் கணினி எழக்கூடும்.

'கூடும்' என்கிறேன், ஏனெனில் பழைய தட்டு எந்த வகை இணைப்பில் இருந்தது, பழைய பயோஸ் முறையா புதிய யு.ஈ.எவ்.ஐ. முறையா என்பவை பிசகினால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவேண்டி வரும். இந்த நான்கைந்து சொற்கள் எங்காவது எழுதியிருந்தால் கால் மணி நேரத்து வேலை. இல்லையேல் ஒரு முழுநாள் போய்விடும். காகிதத்தைப் பழிப்பது இக்காலத்து நாகரிகம். ஆயினும் அதிபரின் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் இச்சொற்களை எழுதிவைப்பதில் என்ன தாழ்வு? மின்சாரம் அற்ற நேரத்திலும் அப்புத்தகம் திறக்கும்.

பழைய தொடக்கத் தட்டு முற்றாகச் சாகாது முனகிக்கொண்டிருந்தால், அதனை மீண்டும் மீண்டும் இயக்கிப் பாராமல், வேறொரு கணினியிற் பொருத்தி, வாசிக்கக்கூடிய பகுதிகளை மட்டும் முதலிற் படியெடுக்கும் கருவியைக் கொண்டு ஒரு பிரதி எடுக்கலாம். அப்பிரதியில் அந்தச் சிறு தரவுத்தளக் கோப்பு முழுமையாக அகப்பட்டால் மேற்சொன்ன துன்பங்கள் பெரும்பாலும் நீங்கிவிடும்.

சங்கேதமாக்கப்பட்ட மெய்நிகர் கணினிகளைப் பற்றி ஒரு சொல். அவற்றின் திறவுகோலைப் பழுதான தட்டிலோ அதனோடு ஒழிந்த முகாமைக் கணினியிலோ மாத்திரம் வைத்திருந்தால், தட்டு முழுமையாயிருந்தும் பயனில்லை. திறவுகோலின் பிரதி பெட்டிக்கு வெளியே இருத்தல் வேண்டும்.

இதுவரை சொன்னது இயந்திரம் போய்ப் பொருள் எஞ்சிய கதை. இதன் மறுதலையும் உண்டு. அது நம் கொழும்பிலேயே நிகழ்ந்தது. 2023 ஓகத்து 26ஆந் திகதியளவில் இலங்கை அரசாங்க முகிற்கணினியின் மின்னஞ்சற் சேவையைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சேவையை 12 மணித்தியாலத்துள் மீள எழுப்பியதாக அறிவித்தது. ஆனால் இணைப்பிலேயே இருந்த காப்புப்படியும் தாக்குண்டமையால், மே 17 தொடக்கம் ஓகத்து 26 வரையான கடிதங்களுக்கு வேறு படி இருக்கவில்லை. தென்கொரியாவின் தேஜோன் நகரத்து அரச தரவு நிலையத்தில் 2025 செப்தெம்பர் 26ஆந் திகதி மின்கலத்தீ மூண்டபோதும் இவ்வாறே நேர்ந்தது. அரச உத்தியோகத்தரின் கோப்புகளைத் தாங்கிய சேமிப்பகம் ஒன்றில் ஏறத்தாழ 858 டெராபைற்று அழிந்தது. அளவிற் பெரிதென்பதால் அதற்கு வெளியே ஒரு படியும் வைக்கப்பட்டிருக்கவில்லை.

ஆகவே, இரண்டு தட்டுகளை இரட்டையாகப் பூட்டிவிட்டேன், இனி அச்சமில்லை என்று விற்பனையாளர் சொல்வதை அரைவாசியே ஏற்கலாம். தொடக்கத் தட்டை இரட்டையாக்குதல் நல்லதே. ஒன்று மாண்டால் மற்றது தாங்கும். ஆனால் இரட்டைத் தட்டு நல்லெழுத்தையும் தீயெழுத்தையும் வேறுபாடின்றி இருபுறமும் எழுதும். ஒருபுறம் அழித்தது மறுபுறமும் அழியும். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்ற பழைய கணக்கே இன்றும் போதுமானது. வேறோர் இடம் என்பது எவ்வளவு தொலைவு? வெள்ளவத்தையிலுள்ள ஓர் அலுவலகம் தன் படியைக் கொட்டாஞ்சேனைக் கிளையில் வைப்பது தீக்கும் திருட்டுக்கும் போதும். ஆனால் 2016 மே மாதத்திலும் 2025 நவம்பர் இறுதியிலும் களனி கங்கை பெருகி வந்ததைக் கண்ட நாம், கண்டியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு படி வைத்தால் மேலும் நிம்மதியாயிருக்கலாம். அப்படியும் இணைப்பிலேயே இருத்தல் ஆகாது. படியெடுத்ததும் கழற்றி அலமாரியில் வைக்கவேண்டும். சிறு குறிப்புகளும் ஹைப்பர்வைசரின் அமைப்பும் அப்படியில் அடங்கியுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். பெருங்கோப்புகளை மட்டும் படியெடுத்துவிட்டுக் கயிற்றை மறந்தவர்கள் பலர். தவணைக்கு ஒருமுறை, விடுமுறை தொடங்கியதும், ஒரு மெய்நிகர் கணினியையாவது அப்படியிலிருந்து வேறொரு பெட்டியில் எழுப்பிப் பார்த்தால், படி வாசிக்கத்தக்கதா என்பது தெரிந்துவிடும். அவ்வாறு எழுப்பும்போது வலையமைப்புக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். ஒரே பெயருடைய இரு கணினிகள் ஒரே தெருவில் நடமாடினாற் குழப்பமே விளையும்.

மீட்பு முடிந்து கணினிகள் எழுந்தபின்னரும் சில வேலைகள் எஞ்சியிருக்கும். முதலிற் கடிகாரத்தைச் சரிபாருங்கள். புதிய ஹைப்பர்வைசர் தவறான நேரத்தைக் கொடுத்தால், பெறுவனவும் கொடுப்பனவும் தவறான திகதியில் ஏறிவிடும். தரவுத்தளம் இருந்தால், திடீரென மின்சாரம் நின்ற வேளையிற் பாதியில் விடப்பட்ட பதிவு ஏதுமுண்டா என்று அதற்குரிய சோதனையை நடத்துங்கள். கடைசி நாளின் பதிவுகளைக் கையெழுத்துப் பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். பழுதான பழைய தொடக்கத் தட்டை உடனே குப்பையில் எறியவேண்டாம். நாளையும் குழி எண்ணையும் அதன்மீது எழுதி, ஒரு தவணைக் காலமாவது அலமாரியிற் பூட்டி வையுங்கள்; மறந்துபோன ஒரு கடவுச்சொல்லோ வலையமைப்பு எண்ணோ தேவைப்பட்டால், அதிலிருந்து எடுக்க இன்னொரு முயற்சி செய்ய இடமிருக்கும்.